முன்னே 225, பின்னே 245

ரொய்ட்லிங்கன், ஜெர்மனி
12 அக்டோபர் 2025

அன்புள்ள ஷாரு,

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. “பேசினா சண்டைதான் வருது, எதுவானாலும் எழுது” என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாய். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு தமிழ் நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் அம்மாவிடம் படித்துக் காட்டிச் சிரிக்காதே.

நான் கார் வாங்கியதை என் ஒரகடத்து நண்பன் சாம்ராஜின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பார்த்து நீ தெரிந்துகொண்டது தப்புத்தான். உனக்கு முன்னால் அவனுக்குப் படம் அனுப்பியது என் புத்தி. ஆனால் கார் வாங்கியதே தப்பு என்று சொல்லாதே. காலை ஷிப்ட் ஐந்தரைக்கு. முதல் பஸ் ஆறு பத்துக்கு. எட்டு மாதமாக முப்பத்தெட்டு கிலோமீட்டரும் இன்னொருவன் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். நான் என்ன, மலை ஏறி நடந்தா போவேன்?

இப்போது ஓர் உதவி. இங்கே பனி விழுந்தால் டயரை மாற்றியாக வேண்டும், சட்டமே இருக்கிறது. என்னுடையது பழைய வண்டி, பின்சக்கரத்தில் ஓடுவது. எஞ்சின் பலமெல்லாம் பின்னால்தானே போகிறது, அப்படியானால் பின்னால் இரண்டு மட்டும் பனி டயர் போட்டால் போதாதா? பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு வைத்திருக்கிறார். எம்+எஸ் என்று அச்சடித்திருக்கிறது. சும்மாவே எடுத்துக்கொள் என்கிறார்.

அளவு: முன்னே 225/45 ஆர் 17. பின்னே 245/40 ஆர் 17.

டயர் கம்பெனியில் நின்று தடவிப் பார்த்தே குறை சொல்லும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நான் எதற்கு யூடியூப்பில் தேட வேண்டும்?

ஹெப்சிக்குட்டிக்கு வீசிங் எப்படி இருக்கிறது? உங்கள் இருவருக்கும் எடுத்த ஜனவரி நான்காம் தேதி டிக்கெட் அப்படியே இருக்கிறது. நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாயா?

ஜெபா


பிள்ளைப்பாக்கம்
15 அக்டோபர் 2025

ஜெபா,

நீ மூன்று முறை கூப்பிட்டபோது நான் ஹெப்சியின் முகத்தில் நெபுலைசரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள். எடுக்காததற்குக் கோபம் பாதி, இது பாதி. மழை பிடித்துவிட்டது, ஏரிப்பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர், இந்த ஈரத்துக்கே அவளுக்கு நெஞ்சு கீச்சுக்கீச்சென்கிறது. இப்போதுதான் தூங்கினாள். சத்தம் வராமல் டைப் அடிக்கிறேன்.

முதலில் டயர். அதில் உயிர் இருக்கிறது, மற்றதைப் பிறகு திட்டலாம்.

பின்னால் இரண்டு மட்டும் போதாது. போதவே போதாது. பின்சக்கரம் தள்ளும், சரி. திரும்புவது யார்? பிரேக்கில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது யார்? முன்சக்கரம். பின்னால் பிடிப்பும் முன்னால் வழுக்கலுமாக வைத்துக்கொண்டு வளைவுக்குப் போனால், நீ ஸ்டீயரிங்கை ஒடிப்பாய், வண்டி கேட்காமல் நேராகப் போகும். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டாலோ பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வரும். நாலும் மாற்ற வேண்டும். நாலும் ஒரே ரகம்.

எம்+எஸ் எழுத்தை மட்டும் நம்பாதே. சேறு, பனி என்று அதற்குப் பேர்தான். மூன்று சிகரம் வைத்த மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, அந்தப் படம் இருக்கிறதா பார். உங்கள் ஊர்ச் சட்டமும் போன வருஷத்திலிருந்து அந்தப் படத்தைத்தான் கேட்கிறது என்று எங்கள் ஏற்றுமதிப் பிரிவில் சொன்னார்கள். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பிக்கும். பனி டயரில் கலவையே வேறு, குளிரிலும் இளக்கமாக இருந்து ரோட்டைப் பிடிக்கும். அப்புறம், பனிக்காலத்துக்கு அகலம் வேண்டாம். அகல டயர் பனிமேல் மிதக்கும், குறுகலானது வெட்டிக்கொண்டு கீழே தரையைத் தேடும். உன் வண்டிப் புத்தகத்தில் நாலுக்கும் 225 போட அனுமதி இருக்கிறதா என்று பார். தினமும் எழுபத்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அழகு எதற்கு?

பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருஷம். வாங்குவதற்கு முன் அதை எனக்கு அனுப்பு. முன், ஜெபா. பின் அல்ல.

இப்போது என் கேள்வி. முன்னே 225, பின்னே 245. நம் பக்கம் ஓடுகிற எந்தக் குடும்ப வண்டிக்கு முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவும் இருக்கிறது? அது என்ன கார்? சாம்ராஜ் போட்டதும் முன்பக்கம், எனக்கு அனுப்பியதும் முன்பக்கம். பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடு. ஹெப்சிக்குக் குழந்தை இருக்கை மாட்ட பின்சீட்டில் கொக்கி இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பெல்ட்டில் மாட்டுவது வேறு, கொக்கியில் மாட்டுவது வேறு. நான் பதினோரு வீடியோ பார்த்துவிட்டேன்.

விலகல் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், கொடுக்கவில்லை. ஒரு மாத நோட்டீஸ்தான், நவம்பர் முடிவதற்குள் கொடுத்தால் போதும். கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இன்ஸ்பெக்ஷனில் பெண்களை நிற்கவைத்ததே எங்கள் பேட்சிலிருந்துதான் என்பது உனக்குத் தெரியும்.

ஷாரோன்


ரொய்ட்லிங்கன்
19 அக்டோபர் 2025

அன்புள்ள ஷாரு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு சின்னச் சிக்கல். உன் கடிதம் வருவதற்குள் அந்த இரண்டு டயரையும் எடுத்து வந்துவிட்டேன். அவர் தோட்டத்துக் கொட்டகை வேறு ஊரில் இருக்கிறது, அன்றைக்குத்தான் திறந்தார். தடவிப் பார்த்தேன், ஷாரு. கல்லு மாதிரி இருக்கிறது! நகம் இறங்கவில்லை. இவ்வளவு உறுதியான டயரை நம் ஊரில்கூட நான் பார்த்ததில்லை. எண் 3116. மலைப் படம் இல்லை.

கொண்டுவந்ததுதான் கூத்து. டிக்கியில் நுழையவில்லை. ஒன்றைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வண்டி கிய்யா கிய்யா என்று கத்துகிறது. வேறு வழியில்லாமல் டயருக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு ஓட்டிவந்தேன். மறுபடி இருபது கிலோமீட்டர் போய் இன்னொன்றை அதே மாதிரி. சிக்னலில் ஒரு பாட்டி டயருக்கு டாட்டா காட்டினாள். ஹெப்சியிடம் சொல், சிரிப்பாள்.

இப்போதைக்குப் பின்னால் இரண்டையும் மாட்டிவிடுகிறேன். முன்னால் வாங்குவதை மெதுவாகப் பார்க்கலாம். பனி இன்னும் வரவில்லை, விடிகாலையில் புல்லில் வெள்ளையாக லேசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

படம் கேட்டிருந்தாய். இங்கே ஒரே மூட்டம், வெளிச்சமே இல்லை. அடுத்த ஞாயிறு எடுத்து அனுப்புகிறேன்.

ஜெபா


பிள்ளைப்பாக்கம்
22 அக்டோபர் 2025

திரு. ஜெபகுமார் அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த ‘நீங்கள்’ எதற்கென்று உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் பஸ்ஸில் எனக்காகச் சீட் பிடித்த நாளிலிருந்து உங்களை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுகிறேன். “கட்டின புருசன மரியாதையா கூப்புடு” என்று அம்மா திட்டியும் மாற்றவில்லை. நான் மரியாதை கொடுக்கிறேன் என்றால் நீங்கள் பயப்பட வேண்டும்.

தீபாவளி லீவு முடிந்து நேற்று கம்பெனிக்குப் போனேன். எந்த அளவு டயர் எந்தக் காருக்குப் போகும் என்று எங்களிடம் ஒரு பெரிய அட்டவணை உண்டு. டீ நேரத்தில் அதைத் திறந்து உங்கள் இரண்டு அளவையும் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து செங்கமலம் எட்டிப் பார்த்தாள். என் லைன்தான், வாலாஜாபாத்துக்காரி, வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“இன்னாமே, முன்னாடி ஒரு சைஸு, பின்னாடி ஒரு சைஸு? உன் வூட்டுக்காரரு ரேஸு வுடப் போறாரா?”

“பழைய வண்டிதான் அக்கா. ஷிப்டுக்குப் போறதுக்கு வாங்கிகினாரு.”

அவள் விரலை வைத்துக் கீழே கீழே வந்தாள். அந்த ஜோடி அளவில் சில நாலு கதவு வண்டிகளும் இருந்தன, நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவள் கடைசி வரியில் நின்றாள். அதில் படமும் இருந்தது. கூரை மடங்குகிற வண்டி. இரண்டு கதவு. இரண்டு இருக்கை.

“இது ஷோக்கா கீது. ஆனா ரெண்டே பேரு. நீ குந்துவ, அவரு குந்துவாரு. கொயந்த எங்க குந்தும், பானட்டு மேலயா?”

சிரித்தேன் ஜெபகுமார். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் போய் நின்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பின்சீட் இருக்கிற வண்டியில் இரண்டு டயரை எடுத்துவர ஒருவன் இரண்டு தடவை போவானா? ஒன்றைப் பக்கத்தில் வைத்தீர்கள். பின்னால் வைக்க இடம் இருந்திருந்தால் இன்னொன்றை அங்கே போட்டிருப்பீர்கள்.

டயருக்கு சீட் பெல்ட் போட்டீர்கள். என் பெண்ணுக்கு?

ஹெப்சியிடம் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். சிரிக்கவில்லை. “அப்பா வண்டில நான் எங்க?” என்று கேட்டாள். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளைக்கு வருகிற கேள்வி உங்களுக்கு வரவில்லை.

டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் வேலை அது. 3116 என்றால் 2016ஆம் வருஷம் முப்பத்தொன்றாவது வாரம். ஒன்பது வயது. கல்லு மாதிரி இருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அதன் வியாதி. குளிருக்கு வேண்டியது நகம் பட்டால் இளகுகிற ரப்பர். கல் கல்லைப் பிடிக்காது. அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு மலை இறங்காதீர்கள். கழற்றிவிடுங்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

எங்கள் லைனில் ஒரு டயரை ஓகே என்றும் சொல்ல முடியாமல், ஸ்க்ராப் என்றும் தள்ள மனசு வராமல் இருந்தால், மஞ்சள் அட்டை கட்டி ஒதுக்கி வைப்போம். ‘ஹோல்ட்’ என்று எழுதியிருக்கும். நேற்று அப்படி ஓர் அட்டையைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். என் விலகல் கடிதத்தில் குத்தி பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஷாரோன்


ரொய்ட்லிங்கன்
2 நவம்பர் 2025

ஷாரு,

பதினோரு நாளாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம். இரண்டு சீட் வண்டிதான். வெள்ளி நிறம். கூரை மடங்கும், ஆனால் மடக்கினால் சில சமயம் திரும்ப மூடாது.

நீ கழற்றச் சொன்னபோது மாட்டியிருந்தேன். உடனே கழற்றவில்லை. வியாழன் விடிகாலை, வேலைக்குப் போகும் வழியில் இறக்கத்தில் ஒரு வளைவு உண்டு, ரோடு காய்ந்துதான் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான் செய்தேன். பின்பக்கம் என்னைக் கேட்காமல் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு முழுச் சுற்று. வயலில் போய் நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உதட்டில் ஒரு கீறல். வண்டிக்கும் ஒன்றுமில்லை. எதிரே யாரும் வரவில்லை.

நின்ற பிறகு என் வலது கை எங்கே இருந்தது தெரியுமா? பக்கத்து சீட்டைக் குறுக்கே தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பைக்கில் ஹெப்சியை முன்னால் உட்காரவைத்துப் பிரேக் போடும்போது பிடிப்பேனே, அப்படி. சீட் காலி.

டயர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டேன். மூன்று நாளாக லீவு.

ஏன் வாங்கினேன் என்று கேட்கவில்லை நீ. ஒரகடத்தில் ஆறு வருஷம் லைனில் நின்று கதவு மாட்டினேன். ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒரு வண்டி. ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை. இங்கே ஒரு கிழவர் இதை விற்கிறேன் என்று கதவைத் திறந்து காட்டினார். அந்தக் கதவு மூடும் சத்தம்... உனக்குச் சொன்னால் சிரிப்பாய்.

ஆனால் அது பாதிக் காரணம். மீதியையும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட்டில், ஹெப்சி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், விசாவைப் பற்றிப் பேசும்போது நீ கேட்டாய்: “எப்படி ஜெபா வர்றது?” நான் “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நீ வரப்போவதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் எடுத்தபோதும் நீ கடைசியில் ரத்து செய்வாய் என்றுதான் இருந்தேன். ஒருத்தனுக்கு எதற்குப் பின்சீட்?

ஜெபா


பிள்ளைப்பாக்கம்
6 நவம்பர் 2025

ஜெபா,

உதட்டில் கீறலா, தையலா? உண்மையைச் சொல். தலை எங்கும் இடிக்கவில்லையே? வாந்தி, தலைச்சுற்றல் ஏதும் இருந்தால் சும்மா படுத்துக்கொண்டு இருக்காதே, போய்க் காட்டு. கழற்றுங்கள் என்று எழுதினேன். கெஞ்சினேன். ஒரு டயரைப் பற்றி நான் சொன்னதைக் கேட்காத ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான், கஸ்டமர்கூடக் கேட்பான்.

‘நீ’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அழிக்கவில்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

“எப்படி வர்றது?” என்று கேட்டேன். ஆமாம் கேட்டேன். அதற்கு அர்த்தம் எப்படி வருவது என்பதுதான்! பத்து மணி நேர விமானத்தில் நெபுலைசரைக் கையோடு எடுத்துவர விடுவார்களா? அங்கே இறங்கினால் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், குளிர்காற்று அவள் மூக்கில் ஏறாமல் எதைச் சுற்றுவது, அந்த ஊரில் குழந்தை டாக்டர் இங்கிலீஷ் பேசுவாரா? நான் பதில் வேண்டிக் கேட்டேன். நீ அதை ‘எப்படி வர முடியும், முடியாது’ என்று எடுத்துக்கொண்டாய். மூன்று மாதம் என் கேள்விக்குறியை நீ முற்றுப்புள்ளியாக வைத்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி ஒரு கார் வேறு வாங்கியிருக்கிறாய்.

இதில் எனக்கும் வெட்கம் இருக்கிறது. நீ “பாக்கலாம்” என்று சொன்னாயே, அதை நானும் என் இஷ்டத்துக்குத்தான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் வருவது உனக்குப் பாரம், தள்ளிப்போடுகிறாய் என்று. அதனால்தான் மறுபடி கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. பதினோரு வீடியோ பார்க்கத் தெரிந்தவளுக்கு ஒரு வார்த்தையை இரண்டாம் தடவை கேட்கத் தெரியவில்லை.

கதவு மூடும் சத்தத்துக்கு நான் சிரிக்க மாட்டேன். ரப்பரை வேகவைக்கும் க்யூரிங்கிலிருந்து இறங்கின சூடு ஆறாத டயரை இன்றைக்கும் ஒரு நிமிஷம் கூடுதலாகத் தடவுகிறவள் நான். ஆனால் அந்த வண்டி நமக்கு ஆகாது. கூரை மூடாத வண்டியில் வீசிங் பிள்ளையா?

இப்போது சொல்வதைச் செய். விற்கும்வரை தினமும் அதில்தான் போய்வரப் போகிறாய், அதனால் டயர் முதலில். நாளைக்கே கடைக்குப் போ. நாலு பனி டயர், நாலிலும் மலைக்குள் பனிப்பூ, நாலும் 225, புத்தகத்தில் அந்த அளவு இருந்தால். இந்த வருஷத்தது. நகத்தை அழுத்திப் பார், இளக வேண்டும். காற்றைக் குளிர்ந்த டயரில் அளந்து போடச் சொல். மாட்டும்வரை வேலைக்குப் போகாதே, லீவு நீட்டு. மாட்டின பிறகும் வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை. வளைவுக்குள் போய்க் காலை வெடுக்கென்று எடுத்தால் பாரமெல்லாம் முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகிவிடும். உனக்கு நடந்தது அதுதான்.

அப்புறம் ஒன்று. இனிமேல் எனக்குக் காரின் படம் அனுப்பாதே. முன்பக்கமும் வேண்டாம், பக்கவாட்டும் வேண்டாம். வேறு வண்டி எடுத்தால் டயர் அளவை மட்டும் அனுப்பு. நான் படித்துக்கொள்கிறேன்.

ஹோல்டில் வைத்த டயரை நாங்கள் அதிக நாள் விடுவதில்லை. பீரோவில் இருப்பது முப்பதாம் தேதி வரைக்கும்தான் இருக்கும். அதற்குப் பிறகு அதுவே ஸ்க்ராப்.

ஷாரோன்


ரொய்ட்லிங்கன்
27 நவம்பர் 2025

ஷாரு,

முன்னே 205/55 ஆர் 16.
பின்னே 205/55 ஆர் 16.

நாலிலும் மலை, நாலிலும் பனிப்பூ.

வெள்ளி வண்டி போன வாரம் போய்விட்டது, நீ சொன்ன நாலு டயரோடு. இரண்டு வாரம் அதில் பனியிலும் போய்வந்தேன், ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. எடுத்தவர் யார் தெரியுமா, ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. தனி ஆள். டயரைப் பார்த்துவிட்டு, யாரோ விஷயம் தெரிந்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றார். என் மனைவி என்று சொன்னேன்.

புது வண்டி பழைய வண்டிதான். முன்சக்கரத்தில் ஓடுவது, பழுப்பு நிறம், கதவு மூடினால் தகர டப்பா சத்தம். பின்னால் கொக்கி இரண்டு பக்கமும் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன்.

எப்படி வருவது என்று கேட்டிருந்தாய். நெபுலைசரைக் கைப்பையில் கொண்டுவரலாம், டாக்டர் சீட்டு வேண்டும். விமான நிலையத்திலிருந்து நாற்பது நிமிஷம். குழந்தை டாக்டரம்மா இங்கிலீஷ் பேசுகிறார், ஜனவரி ஏழாம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். மூக்குக்கு எதைச் சுற்றுவது என்று மட்டும் தெரியவில்லை. விசாரிக்கிறேன்.

ஜெபா


பிள்ளைப்பாக்கம்
28 நவம்பர் 2025

ஜெபா,

நாலும் ஒரே அளவு. பார்த்தேன்.

எந்த வாரம், எந்த வருஷம்? அதை எழுதவில்லையே! எத்தனை தடவை சொல்வது உனக்கு? நாலு எண், பக்கவாட்டில், நீள்வட்டத்துக்குள். நாலு டயரிலும் தனித்தனியாகப் பார், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று விடாதே. குனிந்து பார்க்கச் சோம்பலாக இருந்தால் போனில் படம் எடு. இந்தப் படத்தை மட்டும் அனுப்பலாம்.

மூக்குக்குப் பருத்தித் துணியில் கழுத்துவரை இழுக்கிற குல்லா இருக்கிறதாம். கம்பளி வேண்டாம், அவளுக்கு இழை ஆகாது.

இன்று காலை கடிதத்தைக் கொடுக்கும்போது மஞ்சள் அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். ஹெச்.ஆரில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இன்னாம்மா இது, ஹோல்டா, ரிலீஸா?” என்று கேட்டார்கள். ரிலீஸ்தான் சார் என்று பிடுங்கிக்கொண்டேன்.

எண்ணை அனுப்பு. அனுப்பினால்தான் தூங்குவேன்.

ஷாரு